மாத்து

கிரேனுக்குத் தோள் போய்விட்டது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கிரேன் என்பது தொழில் வைத்த பெயர். வீடு காலி செய்கிறவர்களின் சாமான்களை மாடியிலிருந்து இறக்கி, வேனில் ஏற்றி, இன்னொரு மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பிழைப்பு. வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. கூட்டாளி வெளியாள் இல்லை, பெண்டாட்டியின் அண்ணன்தான். ஒரு பழைய வேன், ஒரு கட்டுக் கம்பளி, பாரம் இறக்க ஒரு சுருள் நைலான் பட்டை, இவர்கள் இருவர். கம்பெனி என்றால் இவ்வளவுதான்.

மாடிப்படியில் பாரம் இறக்க ஒரு முறை உண்டு. பீரோவோ ஃபிரிட்ஜோ, அடியில் பட்டையைக் கொடுத்து இரண்டு நுனிகளையும் மேலே கொண்டுவருவார்கள். மேல்படியில் நிற்பவன் கைக்கு ஒரு நுனியாகப் பிடித்துக்கொள்வான். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுற்றினால் பாரம் போகும்போது ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். விரல்களின் பிடிதான் எல்லாம். தொட்டிலில் பிள்ளை போலப் பாரம் பட்டையில் உட்கார்ந்திருக்கும். கீழ்ப்படியில் நிற்பவன் தோள் கொடுத்து, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்குவான்.

கிரேன் எப்போதும் மேலே. மச்சான் குள்ளம், அதனால் எப்போதும் கீழே.

மூச்சு வாங்கும்போது நீட்டிப் பேச முடியாது. அதனால் படியில் ஒற்றை வார்த்தைகள்தான். 'படி' என்றால் இறங்கு. 'நில்' என்றால் நில். 'மாத்து' என்று கீழிருந்து சத்தம் வந்தால், மச்சான் தன் பிடியைத் தளர்த்தி வேறு பிடி பிடிக்கப்போகிறார் என்று அர்த்தம். அந்தச் சில நொடிகள் முழுப் பாரமும் மேலே இருப்பவனுடையது. அவன் இரண்டு கைகளையும் பூட்டிக்கொண்டு கல்லாக நிற்க வேண்டும்.

"மேல நிக்கிறவன் கையிலதான் கீழ நிக்கிறவன் உசுரு. அதான் என் தங்கச்சிய உனக்குக் கட்டி வெச்சேன். உன் கையை நான் வேற எப்படிப் பிடிச்சு வெக்கிறது?" என்று மச்சான் கிண்டல் செய்வார். கேட்டுக் கேட்டுப் புளித்த கிண்டல். ஆனாலும் கிரேனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கும்போது வலது தோளுக்குள்ளே ஏதோ நறுக்கென்றது. மறுநாள் தலை சீவக் கை எழும்பவில்லை. மச்சானிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். இவனை ஸ்டியரிங்கில் உட்கார்த்திவிட்டு, வேன் நிற்கும் இடத்தில் வேலைக்குக் காத்துக்கிடக்கும் ஒட்டகம் என்கிற நெட்டையனை மேல்படிக்குக் கூப்பிட்டுக்கொள்வார். கிரேன் என்று பேர் வாங்கியவன் ஹார்ன் அடித்துக்கொண்டு கீழே காத்திருப்பதா? அதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

யாருக்கும் தெரியாமல் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனான்.

அவள் கையை மேலே தூக்கச் சொன்னாள், பின்னால் கொண்டுபோகச் சொன்னாள், எங்கே முகம் சுளிக்கிறான் என்று பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து ஒரு கெட்டில்பெல்லை எடுத்து வந்தாள். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. பார்க்கப் பூட்டு மாதிரி இருந்தது. சிறியது. கிரேனுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். கைப்பிடி உள்ளங்கையில், குண்டு மேலே. முழங்கையை மடக்கி, குண்டு ஆடாமல் சாயாமல் அப்படியே நின்றாள். இவன் கையில் கொடுத்ததும் குண்டு குடிகாரனைப் போலத் தள்ளாடி, மணிக்கட்டின் மேல் சாய்ந்தது. சிரிப்பு போய்விட்டது.

தோளுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் இந்தப் பிடியில்தான் விழித்துக்கொள்ளும் என்றாள். இன்னொன்றும் காட்டினாள். ஒரு கையை பெஞ்சில் ஊன்றி, மறு கையால் குண்டை இடுப்புவரை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக இறக்குவது. இரண்டிலும் முக்கியம் ஒன்றுதான், பிடி விடக் கூடாது. வீசுவது, எறிந்து பிடிப்பது, வேகமாகக் கை மாற்றுவது எதுவும் இப்போதைக்கு ஆகாது.

"போரடிக்கும். ஆனா உங்க வேலைக்கு வேண்டியது இதுதான். பிடிச்சுக்கிட்டே இருக்கிற பலம்," என்றாள்.

போரடிக்கத்தான் செய்தது. அவன் பூட்டு மாதிரி ஒரு குண்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நிற்பதைப் பார்த்து, "என்னங்க, கரண்ட் போயிடுச்சா? டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க," என்றாள் மனைவி. சில நாள் போனது. தோள் அப்படியேதான் இருந்தது. அல்லது அப்படி அவனுக்குத் தோன்றியது.

பக்கத்துத் தெரு ஜிம்மில் மாலை நேரத்தில் கெட்டில்பெல் வகுப்பு ஒன்று நடந்தது. கண்ணாடிச் சுவர், காதைக் கிழிக்கிற பாட்டு, வரிசையாக ஆட்கள். நடுவில் விசில் மாட்டிய மாஸ்டர். கிரேன் வாசலில் நின்று பார்த்தான். கால்களுக்கு நடுவிலிருந்து குண்டை முன்னால் வீசுகிறார்கள். நெஞ்சு உயரத்தில் அது ஒரு கணம் எடையே இல்லாமல் மிதக்கிறது. அந்தக் கணத்தில் மாஸ்டர் "மாத்து" என்று குரல் கொடுக்கிறார். வலது கை விடுகிறது, இடது கை வாங்குகிறது. மறுபடி "மாத்து". இடது விடுகிறது, வலது வாங்குகிறது.

கிரேன் சேர்ந்துவிட்டான்.

அவன் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வெளியே சொல்லும்படி இல்லை. பெரிய குண்டைத் தூக்கலாம், அது ஒன்று. பத்துப் பேர் பார்ப்பார்கள், அது இன்னொன்று. எல்லாவற்றையும்விட, வலித்த கைக்கு ஒரு வீச்சு விட்டு ஒரு வீச்சு ஓய்வு கிடைத்தது. வலி குறைந்தால் குணமாகிவிட்டதாக நினைப்பது மனித சுபாவம்.

நன்றாகவே கற்றுக்கொண்டான். மாஸ்டர் வாயைத் திறக்கும்போதே அவன் விரல்கள் திறந்துவிடும். "யோசிக்காத. யோசிச்சா குண்டு கால்ல விழும். சத்தம் கேட்டா கை தானா வேலை செய்யணும்," என்பார் மாஸ்டர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவனைத்தான் முன்னால் நிறுத்திக் காட்டுவார். அந்த நாட்களில் வந்த வேலையெல்லாம் தரைத்தளத்து வீடுகள், படியில் 'மாத்து' கேட்கும் அவசியமே வரவில்லை.

ஒரு நாள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மகள் டிவியைப் பார்த்தபடி, "அப்பா, சேனல மாத்து," என்றாள். டம்ளர் வலது கையிலிருந்து இடது கைக்குப் போனது. பாதி டீ வேட்டியில். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் மகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. அவன் கையில் சீப்போ செருப்போ எது இருந்தாலும், பின்னால் வந்து "மாத்து" என்பாள். அவனும் சிரித்தான். அதில் சிரிக்காமல் இருக்க என்ன இருக்கிறது?

மச்சானுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருந்தது. டீக்கடை வாசலில் வேனின் முன்கண்ணாடியை இவன் இடது கையால் துடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு கணக்காளர் அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது மாடி, லிஃப்ட் பழுது, இரும்பு பீரோக்கள். நாளைக்கு மட்டும் ஒட்டகத்தை மேலே நிறுத்திப் பார்க்கலாமா என்று நயமாகத்தான் கேட்டார். கிரேனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷமாகத் தூக்கியது யார், பேர் வாங்கிக் கொடுத்தது யார் என்று ஆரம்பித்து, வாய் எங்கெங்கோ போனது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் துணியை வேனுக்குள் எறிந்துவிட்டுச் சொன்னான்:

"நான் ஒரு நாள் கைய விட்டாத்தான் மச்சான் உங்களுக்கு என் அருமை தெரியும்."

மச்சான் அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்தார். மறுநாள் காலையில் அவர் ஒட்டகத்தைக் கூப்பிடவில்லை.

முதல் பீரோ சுலபமாக இறங்கியது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டிலும் பிடி மாற்ற வேண்டி வரவில்லை. மூன்றாவது பெரியது. படி திரும்புகிற முனையைத் தாண்டி, நேர்ப்படியில் பாதி தூரம் வந்திருந்தார்கள். மச்சானின் முகம் பீரோவின் ஓரத்துக்கு அப்பால் தெரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கி, ஒரு கண்ணை மூடியிருந்தார். கிரேனின் தோள் வலித்தது. ஆனால் தாங்கியது. இதை அவன் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தோள் தாங்கியது.

"நில்," என்றார் மச்சான். நின்றார்கள். கீழ்ப்படியில் காலை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மாத்து."

குரல் மச்சானுடையது. இடம் மாடிப்படி. ஆனால் கைக்குக் காது மட்டும்தான் இருந்தது, கண் இல்லை. கிரேனின் வலது கை திறந்தது. வழுக்கவில்லை, துவளவில்லை. ஐந்து விரல்களும் அழகாக, பழகியபடி திறந்தன. இடது கை ஏற்கெனவே ஒரு நுனியைப் பிடித்திருக்கிறது என்பதை மறந்து, நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, இல்லாத குண்டை வாங்கப் போனது.

பட்டை பாம்பு போலச் சுருண்டு அடியில் ஓடியது. பீரோ ஒரு பக்கமாகத் திரும்பி, பிறகு நேரே போனது.

மச்சானின் இரண்டு கைகளும் அப்போது காற்றில் இருந்தன. அவர் பிடியை மாற்றிக்கொண்டிருந்தார்.

உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் தணிந்த குரலில் சொன்னார்கள். மச்சானின் மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். கிரேனின் மனைவி அவளைப் பிடித்துக்கொண்டு, இவனைப் பார்த்து, "எப்படிங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தோள் பிடிச்சுக்கிச்சு," என்றான் கிரேன்.

வேறு என்ன சொல்வான்? ஒரு வார்த்தை கேட்டது, கை தானாகத் திறந்துகொண்டது என்றால் யார் நம்புவார்கள்? தோளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே கிழிசல் இருந்தது, பழையது. பொய்க்கு டாக்டர் சாட்சி கிடைத்துவிட்டது. பாவம், வலியோடு வேலை பார்த்திருக்கிறான் என்று எல்லோரும் அவனுக்காகவும் உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொரு உச்சும் முதுகில் ஒரு சவுக்கடி.

ஜிம் பக்கம் அவன் அதற்குப் பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் யாரும் சொல்லாமலே அந்த விளையாட்டை நிறுத்திக்கொண்டாள். தொழில் நிற்கவில்லை. வயிறு இருக்கிறதே. ஒட்டகம் மேல்படிக்கு வந்தான், கீழ்ப்படிக்கு ஒரு புது ஆள். கிரேன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, ஹார்ன் அடித்துக்கொண்டு கீழே காத்திருந்தான்.

மச்சான் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டுபோனால் வருவார். சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுவார். ஒன்றே ஒன்றுதான். மச்சானையும் அதே பிசியோதெரபி டாக்டரம்மாவிடம்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய கிளினிக் வாசலில் சில படிகள் இருந்தன. சக்கர நாற்காலியைப் படியில் இறக்க, ஒருவன் பின்னால் மேலே நின்று கைப்பிடிகளைப் பிடித்துச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கிரேன் கைப்பிடியில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மச்சான் திரும்பாமலே, "வாட்ச்மேனைக் கூப்பிடு," என்பார். தோள் சரியில்லாதவனிடம் எதற்கு என்று நினைக்கிறார்போல என்று கிரேன் எடுத்துக்கொண்டான். வேறு மாதிரி நினைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா மச்சானுக்கு மேல் உடம்புப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாள்.

"இனிமே உங்க கைதான் உங்க காலும். அதனால நல்லதாப் பார்த்து எடுப்போம்," என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். உட்கார்ந்தபடி குண்டைத் தலைக்கு மேலே தள்ளுவது ஒன்று. மல்லாக்கப் படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது ஒன்று. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு உடம்பைத் தூக்கிப் போட அந்தத் தள்ளும் பலம் உதவும். தலைகீழ்ப் பிடி ஒன்று. அப்புறம் குண்டை இடுப்பைச் சுற்றி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கொடுத்து வாங்குவது. உட்கார்ந்த உடம்பு சாயாமல் இருக்க அது நல்லது.

மச்சான் பழைய மச்சானாகக் கொஞ்சம் சிரித்தார். "கல்யாணத்துல பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணாக் காட்டுறீங்கம்மா. கடைசியில எதக் கட்டிக்கிட்டாலும் பாரம்தான்," என்றார்.

சுற்றிக் கொடுப்பதிலிருந்து தொடங்கினார்கள். கிரேன் கதவோரம், வலது கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலது கையால பின்னாடி கொண்டுபோங்க. ஆங், இப்ப மாத்து," என்றாள் டாக்டரம்மா.

பாட்டில் இடது கைக்கு வந்தது.

"நல்லா வருது. மறுபடி. மாத்து."

பாட்டில் வலது கைக்குப் போனது. கிரேன் இன்னும் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் சத்தம் நின்றுவிட்டதை அப்போதுதான் உணர்ந்து திரும்பினான். மச்சான் குண்டை மடியில் வைத்துக்கொண்டு, அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா," என்றார். டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவரைப் பார்க்கப் போனாள்.

மச்சான் அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, படியில் நிற்கும்போது சொல்கிற அதே குரலில், அழுத்தமில்லாமல் சொன்னார்:

"மாத்து."

விரல்கள் திறந்தன. இந்த முறை இடது கை வாங்க வரவில்லை. பாட்டில் தரையில் விழுந்து உருண்டு, நாற்காலிச் சக்கரத்தில் முட்டி நின்றது.

"எங்க பழகின?" என்று கேட்டார் மச்சான்.

"ஜிம்முல. அங்க மாத்துன்னா ஒரு கையை விட்டுட்டு இன்னொரு கையில வாங்கணும்."

"தோள் பிடிச்சுக்கலை."

"இல்ல மச்சான்."

திரைக்கு அப்பால் டாக்டரம்மா யாரையோ எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் கீழேருந்து பாத்தேன் மாப்ள. கை வழுக்கல. நீ விட்ட. அதைப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்." அவர் குண்டின் கைப்பிடியைத் தடவினார். "முந்தின நாள்தானே சொன்ன, கைய விட்டாத்தான் அருமை தெரியும்னு. சொன்னதைச் செஞ்சுட்டான்னு நெனச்சேன். தங்கச்சி முகத்துக்காக வாயை மூடிக்கிட்டேன்."

கிரேனுக்கு டீக்கடையும், எறிந்த துணியும், திரும்பிப் பார்த்த முகங்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இத்தனை மாதங்களில் ஒரு நாள்கூட அவன் அந்த வார்த்தையை நினைக்கவில்லை. மச்சான் அதை நினைக்காத நாளே இருந்திருக்காது. தரையில் உட்கார்ந்தான். நாற்காலியின் கால்தாங்கியில் இருந்த, எதுவும் தெரியாத அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியமா வேணும்னு செய்யல மச்சான்."

"தெரியுது. இப்பத் தெரியுது."

அதில் ஆறுதல் வரப்போகிறது என்று கிரேன் தலையை நிமிர்த்தினான். மச்சானின் முகத்தில் அது இல்லை.

"பகைன்னா ஒரு நாள் ஒக்காந்து பேசியிருக்கலாம்டா. திட்டி, ஒரு அறை விட்டு, சரின்னு முடிச்சிருப்பேன். மனசு மாறும். தானாத் திறக்கிற கையை நான் என்ன பண்றது?"

டாக்டரம்மா திரும்பி வந்தாள். எதைத் தொடரலாம் என்று கேட்டாள். கை மாற்றுகிற எதுவும் வேண்டாம், அந்தத் தலைகீழ்ப் பிடியைக் கொடுங்கள் என்றார் மச்சான். அது போரடிக்கும், பலன் தெரிய ரொம்ப நாள் ஆகும் என்று அவள் எச்சரித்தாள். பரவாயில்லை, எனக்கு எங்கேயும் அவசரமில்லை என்றார். அவள் சிரித்துக்கொண்டே கிரேனைக் காட்டினாள்.

"இவருக்கும் அப்ப அதைத்தான் குடுத்தேன். தொடர்ந்து செஞ்சீங்களா?"

கிரேன் பாட்டிலை எடுக்கக் குனிந்தான். மச்சான் ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு, குண்டைத் தலைகீழாகத் திருப்பினார். அது ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. விடவில்லை.

வெளியே வந்தபோது மேல்படி ஓரத்தில் நாற்காலி நின்றது. கிரேன் பின்னால், கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி, கைகளைத் தொங்கவிட்டு நின்றான். பிடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. மச்சானும் திரும்பவில்லை.

"வாட்ச்மேனைக் கூப்பிடு."

வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு வந்து கைப்பிடிகளைப் பிடித்துச் சாய்த்தார். வயதான ஆள், மெலிந்த கைகள். கிரேன் அவரைத் தாண்டி இறங்கி, நாற்காலிக்கு எதிரே, கீழ்ப்படியில் போய் நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அந்த இடத்தில் நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் மேலே இருப்பவரின் முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்தான் தெரிந்தன.

மச்சான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் சொன்னார்:

"காலை நல்லா ஊனி நில்லு. படி."